பரண் ஏறிய மடக்கு சைக்கிள்

சாலை, திருவனந்தபுரம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் ஷெமிக்கு, அம்மை எழுதிக்கொள்வது. (எழுதுவது சஜி. கொள்வது மட்டும்தான் அம்மை. அவள் வலது கைப் பெருவிரலில் கட்டு, பேனா பிடிக்க முடியாது. ஆகவே உன் அருமைத் தம்பி, பிளஸ் டூ படிப்பையும் பொருட்படுத்தாமல், சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன். அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அம்மையின் கண்ணாடியைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடுகிறார்கள், என் சட்டைப் பையில் மட்டும் யாரும் தேடவில்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். என் தமிழ் ஞாயிறுபள்ளித் தமிழ், இடையிடையே பவுலின் நிருபம் போல ஒலித்தால் பொறுத்துக்கொள்.)

ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும், அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக, சுகம். அந்தக் குளிர் ஊரில் நீயும் உன் மூக்கும் சுகமாக இருக்க வேண்டுமென்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன். (ஆயுசு முழுக்கச் சாலை பஜாரில் கதவுக்குக் கீல் விற்ற சத்தியதாசுக்கு மகள் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரும் கீல். யார் விசாரித்தாலும் அப்பா "மக கீல்ல இருக்கா" என்கிறார், கேட்டவர்கள் கடைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.) இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். நீ வீடியோவில் வருகிற நேரம் பார்த்து உன் அத்தை தாசம்மாள் அடுத்த தெருவிலிருந்து வந்து என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறாள். உனக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான் என்பதால் எழுந்து போ என்று சொல்லவும் வாய் வராது. அதனால்தான் உன்னோடு வேலை பார்க்கிற பாகீரதி லீவு முடிந்து வித்துராவிலிருந்து ஞாயிறன்று புறப்படுகிறாள் என்று தெரிந்ததும் பொட்டலத்தோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். நேந்திரங்காய் வறுவல், சூரை மீன் ஊறுகாய், முறுக்கு வைத்திருக்கிறேன். ஊறுகாய்க் குப்பியை நிமிர்த்தி வை, போன தடவை சாய்த்து வைத்து உடுப்புக்கெல்லாம் மீன்வாசம் ஏற்றிக்கொண்டது போல ஆகிவிடக் கூடாது. (முறுக்கு குறைவாகத் தெரிந்தால் பாகீரதி அக்காவைச் சந்தேகிக்காதே, பாவம் நல்லவள்.)

சொல்ல வந்தது உன் மடக்கு சைக்கிளைப் பற்றி. இங்கே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ ஆசைப்பட்டு வாங்கி, நாலு நாள் ஓட்டி, ஜெர்மனிக்குப் போகும்போது விட்டுப்போனாயே, அது. போனில் ஒவ்வொரு தடவையும் நீ "சைக்கிள் நல்லா ஓடுதா அம்மை" என்று கேட்கிறாய், நானும் "ஓடுது மக்களே" என்கிறேன். ஒரு மாதமாக அது ஓடவில்லை. பரணில் இருக்கிறது. உன் கல்யாணம் முடிகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று பேச்சு. ஏன் என்று சொல்கிறேன், பாதியில் கோபப்படாமல் முழுக்கப் படி.

என் ஆபீஸைக் கோட்டைப் பக்கத்திலிருந்து கழக்கூட்டத்துக்கு மாற்றினபோது நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். (கழக்கூட்டத்தில் கூட்டம் என்பது ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது, ஜனங்கள் அந்தப் பெயரை நன்றாகவே காப்பாற்றுகிறார்கள்.) இரண்டு பஸ், இரண்டிலும் நின்றுகொண்டு, நெடுஞ்சாலையில் பஸ் நகர்கிறதா ஊர்தான் நகர்கிறதா என்று தெரியாமல் போய், வீடு திரும்பும்போது பாட்டுக்குழு பயிற்சி முடிந்து கோயிலைப் பூட்டியிருப்பார்கள். எல்லாரும் வேலையை விடு என்றார்கள், நீயும் சொன்னாய். வேலையை விடாமல் உன் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கினேன். ஐம்பது தாண்டிய பிறகு, கோயில் வளாகத்தில், ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்தபின் ஓட்டப் படித்தேன், சஜிதான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தான். (ஓடி வந்தது உண்மை. பிடித்துக்கொண்டு என்பது அம்மையின் விசுவாசம். விசுவாசம் மலையையே நகர்த்தும் என்றால் சைக்கிளை நகர்த்தாதா?)

அப்புறம் நடந்ததை நீயும் கொஞ்சம் கேட்டிருக்கிறாய். வீட்டிலிருந்து தம்பானூர் ஸ்டேஷன் வரை பெடலைச் சவிட்டிக்கொண்டு போவேன், அங்கே மடக்கி, பழைய கர்ட்டனில் நானே தைத்த பூப்போட்ட உறையில் போட்டு, பாசஞ்சர் ரயிலில் பெண்கள் பெட்டியில் காலடியில் வைத்துக்கொள்வேன், கழக்கூட்டத்தில் இறங்கி நிமிர்த்தி ஆபீஸ் வாசல் வரை போவேன். மானேஜர் காரில் புறப்பட்டு இன்னும் மேம்பாலத்துக்கு அடியில் நிற்கும்போது நான் சாயா குடித்து முடித்திருப்பேன். முதல் வாரம் ரயிலில் ஒருத்தி உறையைத் தட்டிப் பார்த்து "சேச்சி, இது ஹார்மோனியமாணோ" என்று கேட்டாள், இல்லை என்று சொல்வதற்குள் இன்னொருத்தி "எந்நா ஒரு பாட்டு பாடு சேச்சீ" என்றாள். பாடிவிட்டேன், என்ன செய்ய. அதிலிருந்து தினமும் ஒரு பாட்டு. (டிக்கெட் பரிசோதகர்கூட இது ஹார்மோனியம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். வாசிக்கச் சொன்னால் மணியடித்துக் காட்டலாம் என்று நான் யோசனை சொல்லியிருக்கிறேன்.) சாயங்காலம் சாலை பஜாருக்குள் லாரியில் சரக்கு இறக்குகிற சந்தெல்லாம் புகுந்து அரிசிக்கடை, மீன், மருந்து, அப்பாவுக்குக் கஷாயம் எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைக்குள் போகும்போது சைக்கிளையும் மடக்கிக் கூடவே கொண்டுபோய்விடுவேன். அரிசிக்கடைத் தராசில் இவன் ஒருநாள் அதை ஏற்றி நிறுத்தும் பார்த்தான், முதலாளி துரத்தினார். பஸ் நிற்கிற இடத்தில்தான் நான் இறங்க வேண்டும். சைக்கிளோ நான் இறங்குகிற இடத்தில் நின்றது. இந்த வயதில் அது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது, சிரிக்காதே.

இனிதான் விஷயம். நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும், சம்பந்தம் பேசி முடிக்குமுன் யாரையாவது ரகசியமாக அனுப்பி, தெருவில், சாயாக்கடையில், கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டியிடம் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள். மாப்பிள்ளை பிஜு வீட்டிலிருந்து அவன் தாய்மாமன் சுவாமிதாஸ் மார்த்தாண்டத்திலிருந்து அப்படி வந்தார். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, யாருக்கும் தெரியாமல் நடந்து வந்தார். (யாருக்கும் தெரியாமல்தான். சாயாக்கடைக்காரர் மட்டும் அப்பாவுக்குப் போன் பண்ணி "தாஸண்ணே, மகளுக்க காரியம் விசாரிக்க ஆளு வந்தாச்சு, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில தங்கப் பேனா" என்றார். கோயில்குட்டி ஓடிப்போய் நல்ல சட்டை மாற்றினார். தெருவில் அன்று யாரும் யாரையும் திட்டவில்லை.) கடைசியில் அப்பா கடைக்கே வந்து, சும்மா பேச்சுக்கொடுக்க ஒரு சாக்கு வேண்டுமே, கீல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும், வந்தவர் யார் என்று தெரிந்தும் கீல் என்று வந்துவிட்டால் அவருக்கு விளையாட்டு கிடையாது. "கதவு தேக்கா பிலாவா? உள்ளே திறக்கியதா வெளியே திறக்கியதா? நிலை எத்தற கனம்? மழைச்சாரல் அடிக்கிய பக்கமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அந்த மனுஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கற்பனை செய்யவேண்டியதாயிற்று. (நான் சாட்சி. கடையை விட்டு இறங்கும்போது அவரிடம் ஆறு கதவும் பத்து ஜன்னலும் மாடியில் ஒரு ஜெபஅறையும் உள்ள வீடு தயார். அதற்கான நாலு டஜன் கீலும் கையில்.)

அந்த நேரம் பார்த்து நான் ஸ்டேஷனிலிருந்து வந்து சேர்ந்தேன். வியர்வை, தோளில் ஆபீஸ் பை, ஹாண்டிலில் அயிலை மீன் தொங்குகிறது. கடைமுன் இறங்கி, மடக்கி, எதையோ எடுக்க உள்ளே போனேன். சைக்கிளைச் சஜியிடம் கொடுத்தேன். இந்த மகாபாவி அதை அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் நீட்டி "மாமா, ஒரு நிமிஷம் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யார் என்று தெரிந்தேதான் செய்தான். சாலை நடுவில் அவர் ஒரு கையில் நாலு டஜன் கீல், மறுகையில் மடக்கிய சைக்கிள், அதிலிருந்து மீன்தண்ணீர் சொட்டுகிறது. சுமை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு ஒருவன் "அண்ணாச்சி, என்னா வெலை" என்கிறான், இன்னொருவன் "இது கரண்டா பெட்ரோலா" என்கிறான். நான் வெளியே வந்து வாங்கிக்கொண்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். யார் என்று எனக்கு அப்போது தெரியாது. "ரொம்ப உபகாரம், நல்லாப் பிடிக்கியிய" என்று வேறு சொல்லிவிட்டேன்.

சில நாள் கழித்து உன் அத்தை வந்தாள். பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லையாம், வீடு நல்ல வீடாம், சபைக்கு முறையாகப் போகிறவர்களாம், தகப்பன் தொழிலில் கெட்டியாம். ஒரே ஒரு காரியம், பெண்ணுக்க அம்மை சர்க்கஸ்காரி மாதிரி குட்டிச் சைக்கிளில் மீனும் தூக்கிக்கொண்டு சாலை முழுக்கச் சுற்றுகிறாளே, மகள் வெளிநாட்டில் இருந்தும் இப்படி ஒரு கதியா, நாளைக்கு நம் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்று சுவாமிதாஸ் கேட்டிருக்கிறார். "எடீ சரோஜம், பிள்ளைக்க காரியம் முடியது வரைக்கும் அந்தக் கொரங்கு சைக்கிளைத் தூக்கி மேல போடு, கேட்டியா? அவியளுக்க வாயில நாம விழப்பிடாது" என்றாள். சரி மைனி என்று சொல்லிவிட்டேன். (சைக்கிளை மடக்க அம்மைக்கு மூன்று மடக்கு வேண்டும். அத்தை சொன்னதை ஒரே மடக்கில் விழுங்கினாள்.) அப்பாவிடம் கேட்டேன், "ம்" என்றார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பரணில் ஏற்றியாயிற்று. (அக்கா, இதே பிஜு அண்ணனின் அம்மை உன்னுடைய போட்டோவைப் போன மாதம் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள், பனிமழையில் நீ மஞ்சள் நிறத்தில் பளபளக்கிற சட்டை போட்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போகிறாயே, அது. "என்ன ஒரு எளிமை, என்ன ஒரு சுறுசுறுப்பு" என்று கீழே எழுதி. அதற்கு முதல் இதயம் போட்டவர் சுவாமிதாஸ். கீலில் சவிட்டினால் நாகரிகம், சாலையில் சவிட்டினால் தரித்திரம். நடுவில் எந்தக் கடலில் அது மாறுகிறது என்று தெரியவில்லை.)

எனக்கு ஒரு குறையும் இல்லை மக்களே. பஸ்ஸும் வாகனம்தானே. பழகிவிடும். நீ இதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே, பிஜு நல்ல பையன், உனக்கும் பிடித்திருக்கிறது, எனக்கு அது போதும்.

அம்மை அடுப்படிக்குப் போயிருக்கிறாள், மீன் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. இனி அடைப்பைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன் அக்கா, அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும். மேலே உள்ள கடைசிப் பத்தியில் பிஜு அண்ணனைப் பற்றியது மட்டும் உண்மை. பஸ்ஸிலிருந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். பாட்டுக்குழுவிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள், தொண்டை சரியில்லை என்று என்னைவிட்டே பொய் சொல்லச் சொன்னாள், எனக்கு வீட்டிலேயே பொய் சொல்லக் கூலி கிடைத்தது அன்றுதான். ரயிலில் பாடச் சொல்லுவாளே, அந்தச் சேச்சி ஒருநாள் தம்பானூரில் என்னைப் பார்த்து "ஹார்மோனியம் சேச்சிக்கு எந்து பற்றி", என்ன ஆச்சு என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது, ஹார்மோனியத்துக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்றேன்.

பெருவிரல் கதவில் நசுங்கியது என்று உன்னிடம் சொன்னாளே, அதுவும் அப்படி இல்லை. ஒருநாள் நான் டியூஷன் முடிந்து சீக்கிரம் வந்தேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே டக், டக் என்று சத்தம். திறந்து பார்த்தால் அம்மை ஜன்னலையெல்லாம் மூடிவிட்டு, சைக்கிளை இறக்கி வைத்துக்கொண்டு, மடக்குகிறாள், நிமிர்த்துகிறாள், மறுபடியும் மடக்குகிறாள். ஏறி ஓட்ட இடமில்லை, அதனால் அது மட்டும். என்னைக் கண்டதும் திருடும்போது பிடிபட்டவள் போலத் திடுக்கிட்டாள், கையை எடுக்குமுன் சைக்கிளின் கீல் பெருவிரல்மேல் பூட்டிக்கொண்டது. விரலைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னது, "அத்தைக்கிட்ட சொல்லாத" என்பதுதான். வலிக்குது என்பது அதற்கப்புறம். அன்று எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

உனக்கு பிஜு அண்ணனைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். எனக்கும் பிடிக்கும், என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறார், ரசனை கொஞ்சம் கம்மி என்றாலும் மனசு நல்ல மனசு. இந்தச் சம்பந்தம் ஒரு சைக்கிளால் போய்விட்டால் நீ ஆயுசுக்கும் அதை நினைத்துக்கொண்டிருப்பாயோ என்று அம்மை பயப்படுகிறாள். அதனால் உன்னிடம் கேட்கவே மாட்டாள். ஆகவே நான் கேட்கிறேன், அங்கே நீ சவிட்டுகிறாய், இங்கே அம்மை

நிற்கவும். மேலே வாக்கியம் அறுந்ததற்குக் காரணம், அப்பா. எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை, தலையைத் திருப்பினால் நிற்கிறார், முழுக்கப் படித்துவிட்டார். விரல் விஷயம் அவருக்கும் இப்போதுதான் தெரியும். அடிவிழும் என்று பார்த்தேன். "ஸ்டூலைப் பிடி" என்றார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள் என்றேன், நான் ஏறுகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஏறி, இறக்கி, தூசி தட்டி, கடையிலிருந்து கொண்டுவந்த எண்ணெயைக் கீலில் விட்டு, திறந்து மூடித் திறந்து மூடிக் காதைவைத்துக் கேட்டார். "நாலு டஜன் கீலு வாங்கின மனுசன், நல்ல கீலைக் கையில பிடிச்சிட்டு நின்னும் தெரியல்லியே" என்றார். ஒரு மாதத்தில் இந்த வீட்டில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் இதுதான். பிறகு சைக்கிளை வாசல் கதவுக்குப் பக்கத்தில், பூப்போட்ட உறையோடு, யார் வந்தாலும் தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டுக் கைகழுவப் போனார். அம்மை வருகிறாள்.

மக்களே, மறுபடியும் அம்மை. சைக்கிளையும் பார்த்தேன், இவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த கண்ணாடியையும் பார்த்தேன், கண்ணாடி போட்டு இவன் எழுதினதையும் பார்த்தேன். இடது கையாலும் காதைத் திருகலாம் என்று இவனுக்கு இன்று தெரிந்தது. (ஆமென்.) கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அப்பா வேண்டாம் என்றார். விரல் காரியம் உண்மைதான், நசுங்கிய நகம் விழுந்து புதுசு முளைக்கிறது, கவலைப்படாதே.

இன்று ஒன்று யோசித்தேன். இப்போது அவர்களுக்காக ஒரு சைக்கிளை ஒளித்துவைத்தால், நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் எதையாவது ஒளித்துவைக்க வேண்டிவரும். நம் பரணில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் திங்கட்கிழமையிலிருந்து ரயிலிலேயே போகிறேன், பெருவிரலை நீட்டிக்கொண்டு பிடித்தால் ஹாண்டில் பிடிபடுகிறது, இப்போதுதான் பிடித்துப் பார்த்தேன். அடுத்த மாதத்து முதல் சனிக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள். அன்று எனக்கு அரைநாள் ஆபீஸ் உண்டு. ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில்தான் வந்து இறங்குவேன், மீன் மட்டும் வாங்க மாட்டேன், அந்த மட்டும் மரியாதை உண்டு. உன் அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சுவாமிதாஸ் வாசலில் நின்றால் சைக்கிளை அவரிடமே நீட்டுவேன், மடக்கினதைப் பிடித்துப் பழக்கம் உள்ளவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான்.

ஆனால் கல்யாணம் உன்னுடையது. உனக்கு இதில் மனமில்லை என்றால், அத்தை பின்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, போனில் என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் கேட்டுக்கொள்வேன், வருத்தப்பட்டாலும் உன் மேல் படமாட்டேன். பிஜுவிடமும் நீயே ஒரு வார்த்தை பேசு, மாமன் வாயால் கேட்குமுன் உன் வாயால் கேட்கட்டும், அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார், அதைவிடப் பெரிய விசாரணை வேறு இல்லை. உனக்குச் சம்மதம் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த மஞ்சள் சட்டை இருக்கிறதே, போட்டோவில் நீ போட்டிருப்பது, அதேபோல் எனக்கும் ஒன்று வாங்கி, என் அளவுக்கு, சனிக்கிழமைக்கு முன் வந்து சேருகிற மாதிரி அனுப்பு. இருட்டிலும் தூரத்திலிருந்தே தெரியுமாமே, மார்த்தாண்டத்திலிருந்தே தெரியட்டும்.

ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. தலைக்கு எண்ணெய் வை. பனியில் சைக்கிள் வழுக்கினால் இறங்கித் தள்ளு, வீம்பு காட்டாதே, இதை நான் சொல்லலாம், எனக்குத் தெரியும். நீ போகிற வழியிலும் வருகிற வழியிலும் ஆண்டவருடைய கை உன் கூடவே ஓடிவரட்டும், சஜியைப் போல அல்ல, உண்மையாகவே சீட்டைப் பிடித்துக்கொண்டு. ஊறுகாயை நிமிர்த்தி வைக்க மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மை
சரோஜம்

(இடது கையால் அவளே போட்ட கையெழுத்து. கோழி கிளறியது அல்ல. அப்பாவும் ஒரு வரி எழுத வேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறார்.)

ஷெமி, சட்டை வாங்கும்போது கொஞ்சம் பெரிதாக வாங்கு. அங்கே வந்தால் அம்மை உள்ளே ஸ்வெட்டர் போடுவாள். — அப்பா